மலைக்கு நடைக்கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்ட மலைக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மீண்டும் ஒரு கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆக்சிஜனையும் படுக்கைகளையும் எண்ணுகிறோமே தவிர, தார்ச்சாலை அடிவாரத்தோடு நின்றுவிடும் ஊர்களை எண்ணுவதில்லை.

2021 கோடையில் ஒருநாள், தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் மலையேறிச் சென்ற ஊரில், ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் நான்கே பேர். அப்போது போட்ட கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசியின் குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து இருந்தது. திறந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டியிருந்தது. மீதி வீணானால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்று தயங்கி, இன்னும் ஆறு பேரைத் தேடி வீடு வீடாக அலைந்தோம். ஊரே காட்டு வேலைக்குப் போயிருந்தது. சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டத் தயாராக, ஒரு மூதாட்டி மதியம் வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். பெட்டியில் ஐஸ் இளகத் தொடங்கியதும் குப்பியைத் திறக்காமலே இறங்கிவிட்டோம். நாங்கள் செய்தது தவறு.

சமவெளியில் 5,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. சலுகைதான், ஆனால் அந்த 3,000 பேர் எத்தனை குன்றுகளில் சிதறி வாழ்கிறார்கள், ஒற்றைச் செவிலியர் அவர்களை எட்ட எத்தனை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதை அந்த விதி கேட்பதில்லை. செல்போன் சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்களை இணையத்தில் பதிவு செய்யச் சொன்ன கொடுமையும் இப்படித் தலைகளை மட்டும் எண்ணியதால் வந்ததுதான்.

வழி தெரியாமல் இல்லை. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் 1993-இல் எங்கள் மாவட்டத்துச் சிட்லிங்கியில் தொடங்கிய மருத்துவப் பணி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே பயிற்றுவித்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கியது. யார் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஊசிக்கு அஞ்சுபவர்களிடம் பேசவும் தெரியும். அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவமும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்லும் திட்டம்தானே?

ஆகவே துணை சுகாதார நிலையங்களை நடை நேரத்தைக் கணக்கிட்டு அமைக்கவும், ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் அவ்வூர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சியும் ஊதியமும் தரவும், ஒருவருக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிடவும் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
அரூர்.