மடக்குக் கத்தி கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மடக்குக் கத்தி சேக்குறவங்க பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா அந்த பிரெஞ்சு ஒப்பினெல் கத்திமேல மட்டும் ஏன் இவ்வளவு பேரு பைத்தியமா இருக்காங்கன்னு கேள்வியக் கேட்டுட்டு, வெளிநாட்டு மோகம், விளம்பரம்னு ஒரு வரியில முடிச்சுட்டீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. நான் காரைக்குடி, முனீஸ்வரன் கோவில் தெரு பழைய சாமான் கடைகளுக்கு மரவேலை ரிப்பேர் பாக்குறவன். 11 வருசமா என் சட்டைப் பையில கெடக்குறது அந்தக் கத்திதான், அதுல நம்பர் 8 சைஸ்.

நான் காசு குடுத்து வாங்கல. கானாடுகாத்தான் பக்கம் வீடுகளச் சுத்திப் பாத்துட்டு வந்த ஒரு பிரான்ஸ்காரர், நான் ஒரு பெட்டகத்துல பூவேலை உடைஞ்ச எடத்துக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருந்ததை ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு, போகும்போது பையிலருந்து எடுத்து நீட்டுனாரு. கத்திய கைக்குக் கை வாங்குனா சண்டை வரும்னு எங்கம்மா சொல்லி வளத்ததால கீழ வைங்க சாமின்னு சைகை காட்டுனேன், அவரு சிரிச்சுக்கிட்டே கீழ வச்சுட்டு எங்கிட்ட ஒரு காசு கேட்டாரு, அவங்க ஊர்ல கத்திய ஓசியா குடுத்தா உறவு அறுந்துருமாம். ஒத்த ரூபா குடுத்தேன். சரின்னு எடுத்துப் பாத்தா அதுல ஒண்ணுமே இல்ல! உருண்டையா ஒரு பீச்சு (beech) மரக் கைப்பிடி, அதுல பிளேடு மடங்கி உக்கார ஒரு காடி, 8.5 செ.மீ. பிளேடு ஒண்ணு, கழுத்துல ஒரு இரும்பு ரிங்கு. ஸ்பிரிங்கு கூட கிடையாது, எடை 50 கிராம் வராது. திருவிழாக் கடை பொம்மை மாதிரி இருக்கேன்னுதான் நெனச்சேன்.

அப்புறம்தான் படிச்சுப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். பிரான்ஸ்ல சவாய்னு ஆல்ப்ஸ் மலைப் பக்கம், ஜோசஃப் ஒப்பினெல்னு ஒரு பையன் 1890ல, 18 வயசுல, இதைச் செஞ்சிருக்கான். அவங்கப்பா பட்டறையில கோடாலி, அருவா இதெல்லாம் அடிச்சு சுத்துப்பட்டு விவசாயிங்களுக்கு விக்கிற ஆளு, அதாவது நம்ம திருப்பாச்சேத்திப் பட்டறை எப்படியோ அப்படித்தான். 1897ல 1லருந்து 12 வரைக்கும் சைஸ் பிரிச்சு நம்பர் போட்டாங்க. அதுல 1ம் 11ம் 1930கள்லயே நின்னு போச்சு, அதனால இப்ப சேக்குறவங்க அந்த ரெண்டையும் தேடி அலையிறாங்க, அது வேற கதை. அதே 1897லதான் சுவிட்சர்லாந்துல கார்ல் எல்செனர் அவரோட ஆபீசர் கத்திய, அதான் நாம சுவிஸ் ஆர்மி கத்தின்னு சொல்றதப் பதிவு பண்ணாரு, அதுல கார்க் திருகி, டப்பாத் திறப்பான்லாம் மொதல்லயே இருந்துச்சு, அப்புறமும் ஒண்ணொண்ணா சேத்துக்கிட்டே போனாங்க. ஒப்பினெல்காரங்க சேத்ததுன்னு பாத்தா 1955ல மகன் மார்செல் போட்ட அந்த ரிங்குதான், திருப்புனா கத்தி மடங்காது, அவ்வளவுதான். 2000க்கு அப்புறம் மூடி வச்சும் பூட்டலாம்னு மாத்துனாங்க. மத்தபடி தாத்தா வாங்குனதும் பேரன் வாங்குறதும் பக்கத்துல வச்சா வித்தியாசம் கண்டுபிடிக்கக் கஷ்டம்.

இதுல கார்பன் ஸ்டீல்லயும் வருது, துருப்பிடிக்காத ஸ்டீல்லயும் வருது. எங்கிட்ட இருக்கிறது கார்பன். வாழக்காய் நறுக்குன அருவாமணை எப்படிக் கருக்குமோ அப்படித்தான் இதுவும், மொத வாரமே மாங்கா நறுக்கி நீலமும் சாம்பலுமா ஒரு மாதிரி ஆயிருச்சு. என் வீட்டுக்காரி பாத்துட்டு புதுச் சாமான இப்படி நாசம் பண்ணிட்டீங்களேன்னாங்க. ஆனா அந்தக் கறை ஏறுனதுக்கப்புறம்தான் செவப்புத் துரு புடிக்கிறது கொறைஞ்சுது, தவிர அந்தக் கறை ஒவ்வொருத்தர் கத்தியிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நூறு கத்திய ஒண்ணாக் கொட்டுனாலும் என்னோடத நான் எடுத்துருவேன். பிளேடு ரொம்ப மெலிசு, உளி தீட்டுற அதே கல்லுல நாலு இழுப்பு இழுத்தா போதும்.

குறையும் சொல்லணும்ல. ஐப்பசி கார்த்திகை மழையில மரம் ஊறி, காடி இறுகி, கத்தி வெளிய வரவே வராது. பீச்சு மரம் ஈரம் தாங்காது, எங்க தொழில்ல இருக்கிறவங்க பாத்த ஒடனே சொல்லிருவோம். சவாய்க்காரங்களுக்கும் இதே தொல்லைதான் போல, கைப்பிடியோட பின் முனைய மேசைமேல ஒரு தட்டு தட்டுனா பிளேடு துள்ளிக்கிட்டு எட்டிப் பாக்கும், அதுக்கு சவாய்க்காரன் தட்டுன்னே பேரு வச்சிருக்காங்க. ரெண்டு வருசம் தட்டித் தட்டிப் பாத்தேன், அப்புறம் சர்க்கிளிப் பிளேயர், அதான் ரிங்க விரிச்சு எடுக்குற குறடு, அத வச்சு ரிங்கக் கழட்டி, பிளேடு ஆணியத் தட்டி எடுத்துட்டு, இங்க ஒரு இடிச்ச வீட்டு நிலையில மிஞ்சுன பர்மா தேக்குத் துண்டுல புதுக் கைப்பிடி செஞ்சேன். மொதத் துண்டு காடி எடுக்கும்போது பொளந்துருச்சு, ரெண்டாவது சரியா வந்துச்சு. லின்சீடு ஆயில் நாலு தடவை பூசி உப்புத்தாள் போட்டேன். இப்ப எந்த மழையிலயும் சிக்கல.

ஐயா, உங்க கேள்விக்குப் பதில் இதுக்குள்ளதான் இருக்கு. வெலை கொறைவு, அதனால கெட்டுப் போயிருமோன்னு பயமில்ல, கழட்டிப் பாக்கலாம், மரத்த மாத்தலாம், செதுக்கலாம், சாயம் போடலாம், ஒலகம் முழுக்க இந்தக் கத்தி வச்சிருக்கிறவங்க இந்த வேலையத்தான் பண்ணிக்கிட்டிருக்காங்க. பாதிய அவங்க செஞ்சு மீதிய நம்ம கையில விட்டுட்டாங்க. தேவகோட்டையில எனக்கு ஒரு சிநேகிதன், அமெரிக்கக் கத்தி வச்சிருக்கான், உலோகப் பொடியிலருந்து செய்யுற பவுடர் ஸ்டீலு, பையில மாட்ட கிளிப்பு, ஒத்தக் கையால திறக்க பிளேடுல ஒரு ஓட்டை, 1981ல ஸ்பைடர்கோ கம்பெனி கொண்டாந்த பாணி. அருமையான சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன், ஆனா அவன் அதுல ஒரு கீறல் விழுந்தாலே முகம் வாடிப் போயிருவான், தேங்காக் கீத்தெடுக்கக் கேட்டா சமையக்கட்டுக் கத்திய எடுத்துக் குடுக்குறான்.

பழைய வீட்டுப் பெட்டகங்கள்லருந்தும் எங்க கைக்கு மடக்குக் கத்தி வரும். கொண்டுவிக்கப் போன செட்டியார்மாருங்க கொழும்பு, ரங்கூன் பக்கமிருந்து வாங்கிட்டு வந்தது. ஷெஃபீல்டு ஜோசஃப் ராஜர்ஸ்னா நட்சத்திரமும் சிலுவையும் முத்திரை இருக்கும், கொம்புக் கைப்பிடி, ஸ்பிரிங்கு 'டக்'குனு மூடும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கே காசு குடுக்கலாம். எறகுப் பேனா சீவுன காலத்துல வந்த பேருதான் பேனாக்கத்தி. ஆனா அதை வாங்கிட்டுப் போறவங்க கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிருவாங்க. நம்பர் 8ஐ அப்படிப் பூட்டி வச்சவங்கள நான் பாத்ததில்ல.

கட்டுரையோட கடைசியில, இதெல்லாம் பையில வச்சிருந்தா போலீஸ் புடிக்கும்னு பயம் காட்டியிருந்தீங்க. ஆயுதச் சட்ட விதியில சொல்றது 9 அங்குலத்துக்கு மேல நீளம் இல்லன்னா 2 அங்குலத்துக்கு மேல அகலம் உள்ள பிளேடு, அதுலயும் வீட்டு வேலை, விவசாயம், தொழிலுக்குன்னு செஞ்சது வராது. என்னோடது மூணேகால் அங்குலம் சொச்சம். ஒரு ஊரு பஸ் ஸ்டாண்டுல செக்கிங்ல எடுத்துப் பாத்த ஏட்டய்யா கூட, ரிங்க நாலு தடவை திருப்பித் திருப்பிப் பாத்துட்டு எங்கய்யா வாங்குனன்னு கேட்டாரு. விமானத்துல கைப்பையில மட்டும் வைக்காதீங்க, புடுங்கிருவாங்க.

இன்னொண்ணு, நீங்க போட்ட படத்த நல்லாப் பாருங்க. கத்தி விரிஞ்சிருக்கு, ஒரு கை அதை வச்சு கட்டைய அழுத்திச் சீவிக்கிட்டிருக்கு, ஆனா ரிங்கோட வெட்டு கைப்பிடிக் காடிக்கு நேரா நிக்குது, அப்படின்னா பூட்டவே இல்ல. கொஞ்சம் எசகுபெசகா அழுத்துனா மடங்கி விரல்ல வந்து விழும். அது உங்க போட்டோகிராபர் தம்பியோட கையா இருந்தா ரிங்கத் திருப்பச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு மரவேலைக்காரன்,
காரைக்குடி