பின்னிருக்கையில் ஹுவே

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. எதிர்வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைப்பிடியைப் பிடித்தபடி மாடி ஏறுகிறாய் என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. பேத்தி கல்லூரியில் வரலாறு எடுத்துவிட்டாள் என்று ஏன் அப்படிப் புலம்பியிருக்கிறாய்? நாம் இருவரும் அதைச் சொல்லிக்கொடுத்துத்தானே பிள்ளைகளை வளர்த்தோம்? எடுக்கட்டும் விடு.

"இந்த வயதில் அந்நிய ஊரில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து சுற்றினாயாமே, வீட்டில் யாரும் தடுக்கவில்லையா?" என்று கேட்டிருந்தாய். தடுத்தார்கள். மகனும் மருமகளும் வியட்நாமின் டா நாங் கடற்கரையை விட்டு நகரமாட்டோம் என்றார்கள். எனக்கு மணலில் சும்மா படுத்துக் கிடக்கத் தெரியாது. அங்கிருந்து ரயில் ஏறினால் ஹாய் வான் கணவாயைக் கடலோரமாகச் சுற்றிக்கொண்டு, 100 கிலோமீட்டர் வடக்கே ஹுவேயில் கொண்டுபோய் விடுகிறது. 1802 முதல் 1945 வரை நுயென் வம்சத்தின் 13 மன்னர்கள் ஆண்ட தலைநகரம். அதற்கும் முன்னால் அது சம்பா நாட்டு மண். 1306-ல் சம்பா அரசன் ஜெய சிம்மவர்மன் ஒரு வியட்நாமிய இளவரசியை மணக்க ஈடாகக் கொடுத்த நிலப்பகுதியில்தான் ஹுவே இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரைப் பார்க்காமல் திரும்பினால் எனக்குத் தூக்கம் வருமா?

அரசர்களின் சமாதிகள் ஊருக்குத் தெற்கே குன்றுகளிலும் பைன் மரத் தோப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. பேருந்தில் போனால் கொடி பிடித்தவர் பின்னால் ஓடவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இத்தனை நிமிடம் என்று கணக்கு. அதனால்தான் தனி வழிகாட்டியோடு ஸ்கூட்டர் என்று முடிவு செய்தேன். வந்தவள் 25 வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். என் தலைக்கு ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துச் சரிபார்த்துவிட்டு ஒரே ஒரு விதி சொன்னாள்: "நான் சாயும் பக்கம் நீங்களும் சாயுங்கள், எதிர்ப்பக்கம் இழுக்காதீர்கள்." முதல் இரண்டு திருப்பங்களில் ஊரில் உள்ள குலதெய்வங்களையெல்லாம் அழைத்தேன். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகின்றன. நாற்சந்தியில் நான்கு திசையிலிருந்தும் ஒரே சமயத்தில் நுழைகிறார்கள். ஆனாலும் யாரும் யாரையும் திட்டுவதில்லை. 1899-ல் கட்டிய துரோங் தியன் பாலத்தைக் கடந்து, நதிக்காற்று முகத்தில் அடித்தபோது பயம் போய்விட்டது.

கோட்டையைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, படங்களில் பார்த்துக்கொள். பிரெஞ்சுக் கோட்டைகளின் பாணியில், அகழியோடு சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவு. உள்ளே அரச நகரம், அதற்கும் உள்ளே அரசருக்கு மட்டுமான நகரம். அந்தக் கடைசி வட்டத்தில் பெரும்பகுதி இன்று புல்வெளி. 1947-ல் எரிந்தது, 1968-ல் குண்டுகளில் நொறுங்கியது. இப்போது ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டுகிறார்கள். கியன் சுங் மாளிகை 2024-ல்தான் திறந்தது. புத்தம் புதிதாகப் பளபளக்கிறது, எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மன்னன் மின் மாங் வார்த்த ஒன்பது வெண்கலக் கலசங்களின் முன்னால்தான் நான் நின்றுவிட்டேன். 1835-க்கும் 1837-க்கும் இடையே செய்தவை, ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. அவற்றின் வயிற்றைச் சுற்றி நாட்டின் நதிகள், மலைகள், கப்பல்கள், நெல், பலா என்று வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாடப் புத்தகத்தை வெண்கலத்தில் வார்த்த அரசன். நம் தலைமையாசிரியருக்குப் பிடித்திருக்கும்.

வெளியே வரும்போது கோட்டை மதிலைக் காட்டி, "என் அத்தை குடும்பம் அதன் மேல்தான் இருந்தது" என்றாள் அந்தப் பெண். போர்க்காலத்திலும் பிறகும் போக்கிடமில்லாதவர்கள் மதில்மேல் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் அங்கே ஏறாதாம். 2019 முதல் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அத்தைக்கு இப்போது சொந்தக் கழிப்பறையோடு வீடு. "சந்தோஷமா?" என்று கேட்டேன். "வீடு பிடித்திருக்கிறது, அக்கம்பக்கம் பிடிக்கவில்லை" என்றாள்.

தியன் மு பகோடாவில் ஏழு நிலைக் கோபுரத்தைவிட, பின்கட்டில் நிற்கும் வெளிர்நீல ஆஸ்டின் காரின் முன்னால்தான் கூட்டம். 1963 ஜூன் 11 அன்று, பௌத்தர்களை ஒடுக்கிய அரசை எதிர்த்து சைகோன் நாற்சந்தியில் தீக்குளித்த துறவி திக் குவாங் டுக்கை ஏற்றி வந்த கார் அது. நாம் பத்திரிகையில் பார்த்த அந்தப் புகைப்படத்தில் பின்னால் நிற்குமே, அதே வண்டி. என் பின்னால் ஒருவர் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தார். நான் நகர்ந்துவிட்டேன்.

அங்கிருந்து ஹோ குயென் என்ற அரங்கம். 1830-ல் யானையும் புலியும் சண்டையிடுவதற்காகக் கட்டியது. யானை அரசாங்கத்தின் சின்னம், ஆகவே அது தோற்கக்கூடாது. புலியின் நகத்தையும் பல்லையும் முன்கூட்டியே எடுத்துவிட்டுத்தான் இறக்குவார்களாம். 1904-ல் கடைசிச் சண்டை. இந்த இடத்துக்குப் பேருந்துகள் அவ்வளவாக வருவதில்லை. வட்டச் சுவருக்குள் புல் மண்டிக்கிடக்கிறது. அரசு என்றால் என்ன என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவதற்குப் பதிலாகப் பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் போதும்.

துய் சுவான் கிராமத்தில் ஊதுபத்திக் கட்டுகளைச் சிவப்பும் மஞ்சளுமாக விரித்துவைத்து, படம் எடுப்பதற்கு விலை வைத்திருந்தார்கள். நிற்கவேண்டாம் என்றேன்.

அடுத்தது து டுக் மன்னனின் சமாதி. வசந்தா, இதைப் பற்றி உன்னிடம்தான் விரிவாகச் சொல்லவேண்டும். 1864-ல் தொடங்கி 1867-க்குள் கட்டி முடித்தார்கள். குளம், தீவு, தண்ணீர்மேல் மரமண்டபம், நாடக அரங்கம். சாவதற்கு முன் பதினாறு ஆண்டுகள் அங்கே வந்து தங்கிக் கவிதை எழுதினான். ஒருபுறம் பிரெஞ்சுக்காரர்கள் தெற்கு மாகாணங்களை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மறுபுறம் கட்டாய வேலைக்கு இழுத்துவரப்பட்டவர்கள் 1866-ல் சுண்ணாம்பு இடிக்கும் உலக்கையையே ஆயுதமாக எடுத்துக்கொண்டு அரண்மனையை நோக்கிக் கிளம்பினார்கள். கலகம் அடங்கியது, தலைவர்கள் கொல்லப்பட்டார்கள், வேலை தொடர்ந்தது.

நூற்றுக்கும் மேல் மனைவியர் என்று சொல்கிறார்கள், ஒரு குழந்தையும் இல்லை. தந்தையின் புகழைக் கல்லில் எழுதுவது அங்கே மகனின் கடமை. மகன் இல்லாததால் அவனே எழுதிக்கொண்டான்: 20 டன் எடையுள்ள கல்லில் 4,935 எழுத்துகள். ஆனால் அது வெறும் புகழுரை இல்லையாம். உடல்நோயையும் நாட்டை இழந்ததையும் தன் தவறுகளையும் வரிசையாகச் சொல்லியிருக்கிறான். அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது அவன்மீது எனக்கு இரக்கமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. இவ்வளவு நன்றாகத் தன்னை அறிந்தவனுக்கு, உலக்கை எடுத்தவர்களைப் பற்றி ஏன் அப்போதே தெரியவில்லை?

அவனுடைய உடல் அந்தச் சமாதியில் இல்லை, வேறெங்கோ இரகசியமாகப் புதைத்தார்கள் என்றும் ஊரில் பேச்சு.

காய் டின் சமாதியைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். சிமெண்டில் கட்டி, உடைந்த பீங்கானும் கண்ணாடிச் சில்லும் சுவர் முழுக்கப் பதித்திருக்கிறார்கள். வேலைப்பாடு அபாரம்தான், மறுக்கவில்லை. 1920-ல் தொடங்கியது 1931-ல் முடிந்தது. மன்னன் 1925-லேயே போய்விட்டான். இதற்காக 30 சதவீதம் வரியை உயர்த்தினான். ஏறவேண்டியது 127 படிகள், ஆகவே உனக்கு இது வேண்டாம்.

மூன்றாவதாக மின் மாங் சமாதிக்கு வண்டியைத் திருப்பப்போனபோது, "எனக்குச் சமாதி போதும், அரசர் கட்டாத எதையாவது காட்டு" என்றேன். வழிகாட்டி ஒருத்தி, பயணி ஒருத்தி என்று இருப்பதில் உள்ள சுகம் இதுதான். யாரையும் கேட்கவேண்டியதில்லை. அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே கிழக்கே ஓட்டினாள்.

தான் துவான் கிராமத்தில் ஒரு வாய்க்காலுக்கு மேல் ஓடு வேய்ந்த மரப்பாலம். 1776-ல் திரான் தி தாவ் என்ற பெண் தன் பணத்தில் கட்டியது. பெரிய அதிகாரியின் மனைவி, அவளுக்கும் குழந்தை இல்லை. ஊரார் சுற்றிப்போகாமல் வாய்க்காலைக் கடக்கட்டும், களைத்தவர்கள் நிழலில் உட்காரட்டும் என்று இருபுறமும் பலகை இருக்கை வைத்துக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். பாலத்தின் நடுவே அவளுக்கு ஒரு சின்னப் பூசைமாடம் இருக்கிறது. பழமும் ஊதுபத்தியும் அன்றும் வைத்திருந்தார்கள். எதிர்ப்பலகையில் ஒரு கிழவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் காலை நீட்டி உட்கார்ந்தேன். து டுக்கின் கல்லை எழுதியவனே வாசித்திருப்பான். இவளுடையதை யாரும் வாசிக்கவேண்டியதே இல்லை, நடந்தால் போதும்.

அங்கே உட்கார்ந்துதான் என் வழிகாட்டிப் பெண் இன்னொன்று சொன்னாள். 1885 ஜூலையில் தலைநகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. சிறுவனான அரசன் ஹாம் நி தப்பி ஓடினான். அந்த இரவில் சிப்பாய்களும் ஊர் மக்களும் கணக்கில்லாமல் செத்தார்கள். அவர்கள் நாட்காட்டியில் ஐந்தாம் மாதம் 23-ம் நாள். இன்றும் அந்த நாளை ஒட்டி ஹுவேயில் வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டு, சோறு, கஞ்சி, உப்பு, தண்ணீர் எல்லாம் வைத்து, பக்கத்தில் நெருப்பும் மூட்டுகிறார்கள். அகழியில் விழுந்து செத்தவர்களுக்குக் குளிருமாம். சொந்தக்காரர் செத்தாரா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. நம் வீட்டு ஆண்கள் தர்ப்பணத்தின் முடிவில், யாருமில்லாதவர்களுக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் விடுவது எனக்கு ஞாபகம் வந்தது. அவளிடம் சொன்னேன், அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

1968 பற்றியும் கேட்டேன். வியட்நாம் போரின்போது, அவர்கள் புத்தாண்டான டெட் பண்டிகை நாளில் தொடங்கிய சண்டை, கிட்டத்தட்ட ஒரு மாதம். பிறகு பல இடங்களில் கூட்டுப் புதைகுழிகளைக் கண்டெடுத்தார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். அவள் அதிகம் பேசவில்லை. "புத்தாண்டு முடிந்த கையோடு எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுத்தடுத்துத் திவசம் வரும்" என்று மட்டும் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

சாப்பாட்டைப் பற்றி நீ கவலைப்படாதே. பௌத்தர்கள் நிறைந்த ஊர். அமாவாசையை ஒட்டிய முதல் நாளும் பௌர்ணமியும் பலர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள், அதற்கென்றே கடைகள் உண்டு. பான் பேயோ என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வேகவைத்த அரிசிமாவுப் பண்டம் தருகிறார்கள். மேலே இறால் தூள் தூவுவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும். கூடத் தரும் மிளகாய் நம் ஆந்திர உறவினர்களையும் அழவைக்கும்.

நீ டிசம்பரில் போகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அங்கே மழை விடாது, அக்டோபரிலும் நவம்பரிலும் நதி தெருவுக்கே வந்துவிடும். பிப்ரவரி, மார்ச் நல்லது. உன் காலுக்கு ஸ்கூட்டர் சரிப்படுமா என்று மருத்துவரைக் கேள். ஏறி இறங்கும்போது காலைத் தூக்கிப்போடவேண்டியிருக்கும், ஒருக்களித்து உட்காருவது சரிப்படாது. முடியாது என்றால் கார் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்தப் பாலத்துக்குக் கட்டாயம் போகவேண்டும். பேத்தியையும் அழைத்துவா. பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
கமலா