மெழுகுவத்தி ஆடுது என்று சொன்னவர்களுக்கும், சொல்லாமலே வாங்கிப் போகிறவர்களுக்கும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு வீடியோ ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பதினைந்து பேராவது அதை எனக்கே அனுப்பி, "அண்ணே, இது நம்ம கடை பாக்கெட் மாதிரி இருக்கே" என்று கேட்டுவிட்டீர்கள். நம்ம கடைப் பாக்கெட்தான். கல்லறை மேல் மெழுகுவத்தி எரிகிறது, சுடர் துள்ளித் துள்ளி ஆடுகிறது, கரும்புகை கிளம்புகிறது. பின்னாலிருந்து ஒரு குரல்: "கழிவு ஆயில் கலக்குறானுங்க, நல்லா பாருங்க."

விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் சரி என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கடையில் பேச்சு சரியில்லை என்றால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். கலப்படம் என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரே ஒரு அலுமினிய அச்சோடு தொடங்கிய தொழில் இது. உருகிய மெழுகில் தூசி விழுந்துவிட்டால் அந்தச் சட்டியையே ஒதுக்கி வைத்துவிடுவார். அவர் வைத்த வழக்கத்தை இன்றுவரை நான் மாற்றவில்லை.

அதனால் முதலில் மெழுகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உருக்குவது பாரபின் மெழுகு. கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுப்பது. நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே அது தயாராகிறது. வெள்ளை வெள்ளையாகப் பலகை போல வரும், 60 டிகிரி வாக்கில் உருகும். அதோடு சேர்ப்பது ஸ்டீரிக் ஆசிட் ஒன்றுதான். அது சேர்ந்தால் மெழுகுவத்தி கெட்டியாக நிற்கும், சென்னை வெயிலில் சீக்கிரம் வளையாது, பால் நிறம் வரும். இதில் ஆயில் கலந்தால் ஒளித்து வைக்கவே முடியாது. மெழுகுவத்தி வியர்க்கும், கையில் பிசுபிசுக்கும். வெள்ளைப் பேப்பரில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் காலையில் பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி கறை தெரியும். வீட்டில் நம்ம பாக்கெட் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். கறை படிந்தால் அந்தப் பேப்பரோடு கடைக்கு வாருங்கள், வாசலில் நிற்கிற எல்லார் முன்னாலும் பதில் சொல்கிறேன்.

அந்த வீடியோவை நான் நாலைந்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஆறு மெழுகுவத்தியையும் ஒரு கட்டாகச் சேர்த்து நிறுத்திக் கொளுத்தியிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று விரல் நுழைய இடமில்லை. கடல் பக்கம் காசிமேடு கல்லறை. நவம்பர் மாத வாடைக்காற்று. யார் கடை மெழுகுவத்தியை அங்கே அப்படி வைத்தாலும் ஆடத்தான் செய்யும்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். எரிவது திரி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. சூட்டில் உருகிய மெழுகு திரி வழியே மேலே ஏறி, அங்கே ஆவியாகி, காற்றோடு சேர்ந்து எரிகிறது. நம் கடைக்கு வரும் ஓர் இயற்பியல் ஆசிரியர் இதைக் கல்லாப்பெட்டி மேலேயே செய்து காட்டினார். மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். திரியிலிருந்து வெண்புகை நூல் போல எழுந்தது. எரிகிற தீக்குச்சியைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல், அந்தப் புகையின் மேல்பக்கம் காட்டினார். தீ புகை வழியே கீழே ஓடி வந்து திரியில் உட்கார்ந்துகொண்டது. முப்பது வருஷமாக மெழுகு ஊற்றுகிறேன், அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன். 1860 டிசம்பர் கடைசியில் தொடங்கி லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி பிள்ளைகளுக்காக மெழுகுவத்தியை மட்டும் வைத்து ஆறு சொற்பொழிவு நடத்தினார் என்றும், இந்த வித்தையும் அதில் உண்டு என்றும் அந்த ஆசிரியர் சொன்னார்.

ஆக, சுடருக்கு இரண்டு பக்கமிருந்து சாப்பாடு போகிறது. உள்ளேயிருந்து மெழுகு, வெளியேயிருந்து காற்று. சூடான காற்று மேலே போகும்போது கீழேயிருந்து குளிர்ந்த காற்று வந்து அந்த இடத்தை நிரப்பும். இது ஒரே சீராக நடந்தால் சுடர் பழுக்காத மாவிலை மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஏதாவது ஒன்று கூடினாலோ குறைந்தாலோ ஆட ஆரம்பிக்கும். பல மெழுகுவத்திகளை ஒட்டி வைத்தால் ஒன்றின் காற்றை இன்னொன்று பிடுங்கும். மூன்று சுடர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் நொடிக்குப் பத்து முறை போலத் துடிக்கும். காற்றே இல்லாத அறையிலும் துடிக்கும். காற்று போதாமல் அரைகுறையாக எரிவதுதான் கரும்புகை. அதனால் ஒன்றுக்கொன்று நான்கு விரல் இடைவெளி விடுங்கள். செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரத் தெரு அந்தோணியார் கோவிலில் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் சேர்த்து வைப்பது எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்வது; வீட்டிலாவது தள்ளி வையுங்கள்.

வீட்டில் பெரும்பாலும் ஃபேன்தான் காரணம். மின்சாரம் போயிருக்கும்போது ஏற்றி வைத்ததை, வந்த பிறகும் அணைக்காமல் ஃபேனைச் சுற்ற விட்டுவிட்டு, "ஆடுதே" என்பார்கள். நம் பக்கத்து வீடுகளில் இன்னொன்றும் உண்டு. வாசற்கதவும் கொல்லைக் கதவும் ஒரே நேர்கோட்டில் இருக்கும், சாயங்காலக் கடற்காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். நடுவில் மாடத்தில் வைத்த சுடர் என்ன செய்யும்? இரண்டு கதவில் ஒன்றைச் சாத்துங்கள், அல்லது மெழுகுவத்தியைச் சுவர் மூலைக்குக் கொண்டுபோங்கள். ஒரு சுருள் பத்தியைக் கொளுத்தி அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புகையே காட்டிக் கொடுக்கும்.

காற்றுக்குப் பயந்து டம்ளருக்குள் இறக்கி வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறுகின வாய் உள்ள டம்ளரில் சூடான காற்று வெளியே போவதும் புதுக்காற்று உள்ளே வருவதும் ஒரே வழி. இரண்டும் மோதிக்கொள்ளும், சுடர் இன்னும் அதிகமாக ஆடும், விளிம்பில் கரி படியும். பழைய அரிக்கேன் விளக்கை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் ஓட்டை இருக்கும். காற்று கீழே நுழைந்து மேலே போகத்தான் அந்த ஏற்பாடு. நீங்களும் அதைச் செய்யலாம். இரண்டு பக்கமும் திறந்த உயரமான சிம்னிக் கண்ணாடியை மெழுகுவத்தியைச் சுற்றித் தட்டில் வையுங்கள். சுடர் தவிக்கும், சில நேரம் அணைந்தே போகும். இப்போது கண்ணாடியின் அடியில் மூன்று இடத்தில் இரண்டிரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துச் சற்றுத் தூக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். சுடர் அடங்கி நேராக நிற்பதைப் பார்ப்பீர்கள். கண்ணாடி கடுமையாகச் சுடும், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள்.

அடுத்தது திரி. குத்துவிளக்குத் திரியை அதிகமாகத் தூண்டினால் புகைகிறதல்லவா, இதுவும் அதேதான். திரி நீண்டால் மெழுகு அதிகமாக ஏறும், எரித்துத் தீர்க்கக் காற்று போதாது, திரித் தலையில் கரி மொட்டு கட்டும். ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன்னால் கால் அங்குலம் விட்டு மீதியை நகவெட்டியால் வெட்டிவிடுங்கள். உதிர்ந்த கரியை மெழுகுக் குழியில் கிடக்க விடாதீர்கள், அதுவே இன்னொரு திரி மாதிரி எரியும். பெரிய உருண்டை மெழுகுவத்தியை முதல் முறை ஏற்றும்போது மேற்பரப்பு முழுக்க உருகும்வரை எரிய விடுங்கள். அரைகுறையில் அணைத்தால் அடுத்த முறை நடுவில் பள்ளமாக இறங்கிச் சுடர் மூச்சு முட்டும். படபடவென்று வெடித்தால் திரியில் ஈரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சிங்க் பக்கத்தில் பாக்கெட்டை வைக்காதீர்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் நம் பட்டறையில் திரி கோத்து மெழுகு ஊற்றிய அக்கா, கண் பார்வை மங்கியதால் ஆகஸ்டில் ஊருக்குப் போய்விட்டார். அச்சில் திரி நடுவில் இழுத்துக் கட்டியிருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். தளர்ந்திருந்தால் ஒரு சத்தம், சரியாக இருந்தால் ஒரு சத்தம். அச்சைத் தண்ணீர்த் தொட்டியில் வைக்கும்போது ஒரு சொட்டு உள்ளே போக விடமாட்டார். புதிதாக வந்திருக்கும் இரண்டு பிள்ளைகளும் அக்கறையாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அக்டோபரில் ஊற்றிய ஒரு சாண் மெழுகுவத்தியில் கொஞ்சம் பாக்கெட்டுக்கு ஒரு அளவு தடித்த திரி போய்விட்டது; நீண்ட திரி மாதிரி அதுவும் மெழுகை அதிகமாக ஏற்றும். இருப்பவர்கள் கொண்டு வந்தால் மாற்றித் தருகிறோம்.

இந்த இரண்டு வாரமாக எனக்காகப் பேசியவர்களை மறக்க முடியாது. அந்த வீடியோவுக்குக் கீழே, "வர்தா அன்னிக்கு இந்தக் கடைதான் எங்களுக்கு வெளிச்சம் குடுத்துச்சு" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அது. மரமெல்லாம் சாய்ந்து, நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து வீட்டுக்கு ஒரு பாக்கெட் என்று கொடுத்தோம், பழைய விலைக்கே கொடுத்தோம். அதை இத்தனை வருஷம் கழித்து ஒருவர் ஞாபகம் வைத்து எழுதியதைப் படித்தபோது கடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அந்த அம்மாவுக்கும், "நாங்க அங்கதான் வாங்குறோம்" என்று பதில் போட்ட மீன் மார்க்கெட் சகோதரிகளுக்கும், ஆர்டரை ரத்து செய்யாத கோவில் பங்கு மக்களுக்கும் கைகூப்பி நன்றி.

கார்த்திகை வருகிறது, அதன் பின்னாலேயே கிறிஸ்துமஸ். மெழுகு அகலை மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக வைப்பவர்கள், காற்று வரும் பக்கம் ஒரு அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். அட்டை சுடருக்கு ஒரு கை தள்ளியே இருக்கட்டும். குடிலில் வைக்கோல் போட்டிருந்தால் மெழுகுவத்தியே வேண்டாம், சின்ன எல்.இ.டி. போதும். விற்கிறவனே இதைச் சொல்கிறேன் என்றால் நம்புங்கள்.

டிசம்பர் 1 முதல் பாக்கெட்டுக்கு 4 ரூபாய் கூடுகிறது.

மாற்ற வேண்டிய பாக்கெட்டைப் பில் இல்லாவிட்டாலும் எடுத்து வாருங்கள், பிரித்திருந்தாலும் பரவாயில்லை. காலை 10 மணி முதல் இரவு 9 வரை நான் கடையில்தான் இருப்பேன். பட்டறையை உள்ளே வந்து பார்க்க நினைப்பவர்கள் மதியம் 3 மணிக்கு வாருங்கள், அப்போதுதான் மெழுகு ஊற்றுவோம். அந்த வீடியோ எடுத்த தம்பியும் வரலாம். அவருக்கும் ஒரு டீ சொல்லி வைக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் மெழுகுவத்திக் கடைக்காரர்,
பழைய வண்ணாரப்பேட்டை.