வலைப்பக்கத்தைத் திருத்தத் தெரிந்த நூலகர்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நூலகவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

நூலகர்கள் வலைப்பக்கம் உருவாக்கக் கற்க வேண்டுமா என்று பேச்செடுத்தாலே, "அது கணினிப் பிரிவின் வேலை" என்ற பதில் முந்திக்கொள்கிறது. பாதி சரிதான். சர்வர் பராமரிப்பு, கடவுச்சொல் பாதுகாப்பு, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அவர்களிடமே இருக்கட்டும். நாங்கள் கேட்பது சிறியது: ஒரு பக்கத்தின் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் குறிமொழியை, திறந்து, படித்து, பழுதைத் திருத்தும் அளவு பழக்கம். பதினைந்து குறிகள் தெரிந்தால் போதும்.

"இழுத்துப் போட்டாலே பக்கம் தயாராகும் மென்பொருள் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது, பழுதுகளில் பல அங்கேதான் பிறக்கின்றன. வேர்டு கோப்பிலிருந்து அறிவிப்பை அப்படியே வெட்டி ஒட்டினால், எழுத்துரு, நிறம், பத்தி அகலம் என வேர்டின் வடிவமைப்பும் கூடவே வந்துவிடும். கணினித் திரையில் ஒன்றும் தெரியாது. கைப்பேசியில் திறந்தால் நேர அட்டவணை திரைக்கு வெளியே ஓடும். எழுத்தைப் பெரிதாக்கித் தடித்துவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானுக்கோ வெறும் வரி. எச்1, எச்2 என்ற தலைப்புக் குறிகள் இருந்தால்தான் பார்வையற்ற வாசகர் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல முடியும்.

தமிழ்ப் பக்கங்களுக்குக் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'அம்மா' என்ற சொல் 5 குறியீடுகள், 15 பைட்டுகள். பக்கத்தின் தலைப்பகுதியில் இந்த முறையை அறிவிக்காமல் விட்டால், உலாவி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு கிறுக்கலைக் காட்டக்கூடும். திருத்தம் ஒரே வரி. உலக மொழிகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு என்றால் அந்த வரி உதவாது. உரையையே மாற்றியாக வேண்டும். எது எந்த நோய் என்று பிரித்தறியத் தெரியாதவர் எழுத்துருவை மாற்றி மாற்றியே நாளைக் கழிப்பார்.

இணைப்புகள்தான் நூலகருக்கே உரிய பாடம். நூல் அடுக்கில் இருக்கும் இடத்தைக் காட்டும் அழைப்பு எண்ணை மாற்றிவிட்டுப் பட்டியல் பதிவை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலையிலும் அதே கதைதான். இணையவழி நூற்பட்டியலில் தேடிக் கிடைத்த முகவரியை அப்படியே நகலெடுத்துப் புதுவரவுப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். சில மென்பொருள்களில் அந்த முகவரிக்குள் அப்போதைய அமர்வின் (அந்த ஒருமுறைத் தேடலுக்கான தற்காலிக இணைப்பின்) எண் இருக்கும். ஒட்டியவர் சோதிக்கும்போது திறக்கும். அமர்வு முடிந்தபின் வரும் வாசகருக்குப் பிழைச்செய்திதான். அந்தப் பதிவுக்குரிய நிலையான இணைப்பைத் தேடி எடுத்து, வேறொரு உலாவியில் திறந்து பார்க்க வேண்டும். பக்கத்தை இடம் மாற்றினால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திசைதிருப்பலைக் கணினிப் பிரிவிடம் கேட்க வேண்டும். கோப்புப் பெயரில் இடைவெளியும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் வேண்டாம்: விண்டோஸ் கணினி பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொதுவாகப் பொருட்படுத்தாது, லினக்ஸ் சர்வர் பொருட்படுத்தும். மேசையில் திறந்த படம் தளத்தில் 404 ('கிடைக்கவில்லை') பிழையாவது இதனால்தான்.

வருடிய (ஸ்கேன் செய்த) பக்கங்களை, படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் எழுத்துணரி வழியே ஓட்டாமல் பிடிஎஃப் ஆக ஏற்றுவதும் வீண் உழைப்பு. உள்ளே இருப்பது வெறும் படம். தேடுபொறிக்குச் சொற்கள் சரியாகக் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

1931இலேயே வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பதை நூலகவியலின் நான்காம் விதியாக்கினார் இந்திய நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன். விடுமுறை அறிவிப்பில் ஒரு தேதியைத் திருத்த நூலகர் மூன்று மின்னஞ்சல் எழுதிக் காத்திருப்பது அந்த விதியோடு எப்படிப் பொருந்தும்?

30 மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் 20 செய்முறையாக இருக்கட்டும். தேர்வில் "எச்டிஎம்எல் என்றால் என்ன?" என்று கேட்க வேண்டாம், மனப்பாடம்தான் வரும். மேலே சொன்ன வகைப் பழுதுகளில் பத்தை வேண்டுமென்றே வைத்த ஒரு நூலகப் பக்கத்தைக் கொடுங்கள். ஒரு மணி நேரம். எத்தனையைக் கண்டுபிடித்தார், எத்தனையைச் சரிசெய்தார் என்று பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
நூலக வலைத்தளங்களைப் பராமரிப்போர்