சுவிட்ச் 2 வாங்கச் சொல்லுமுன்

ஆசிரியர் அவர்கட்கு,

வெளிநாட்டு உறவினரிடம் நிண்டெண்டோ சுவிட்ச் 2 வீடியோ கேம் கருவியைக் கேட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் ஏராளம். ஆசை நியாயமானதுதான். 2025 ஜூனில் வெளிவந்த, அருமையான கருவி. ஆனால் கேட்கும்போது சரியாகக் கேட்க வேண்டும்.

யப்பானில் இரண்டு வகை விற்கிறார்கள். மலிவானதில் யப்பானிய மொழி மட்டுமே உண்டு. யப்பான் நாட்டு நிண்டெண்டோ கணக்கைத் தவிர வேறெதையும் ஏற்காது. கனடாவிலிருந்து வருவதென்றால் அந்தத் தொல்லை இல்லை. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். பிளக் மாற்றி போதும், ட்ரான்ஸ்போமர் வேண்டாம்.

கைவசமுள்ள சாதாரண மைக்ரோ எஸ்டி மெமரி காட்டில் இதன் கேம்களைப் பதிய முடியாது. ‘எக்ஸ்பிரஸ்’ வகைதான் வேண்டும். திருப்பிப் பார்த்தால் அதன் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும்.

பெரிய சிக்கல் கேம் பெட்டியில். முன்பக்க அடியில் சாவிப் படம் இருந்தால், உள்ளே வரும் கேம் காட்டில் கேம் கிடையாது. இணையத்தில் முழுவதையும் இறக்க வேண்டும்; இறக்கிய பிறகும் காட்டைச் செருகினால்தான் ஓடும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படித்தான். ஆனால் சைபர்பங்க் 2077 முழுதாக 64 ஜிபி காட்டிலேயே வருகிறது. போன் டேட்டாவில் ஓடும் வீடுகளுக்கு இந்த வித்தியாசம் சின்ன விடயமல்ல.

பலர் காத்திருக்கும் ‘த டஸ்க்பிளட்ஸ்’ கேம் 2026க்கு அறிவிக்கப்பட்டது. பழைய சுவிட்சில் அது ஓடாது. கடைக்காரர்கள் சாவிப் படத்தின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டாதிருந்தால் உதவியாக இருக்கும்.

வாசகர்,
நல்லூர்.