எங்கள் மொட்டை மாடிக்கு வந்து பார்த்துவிட்டு விதி எழுதுங்கள்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சியின் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பழைய வண்ணாரப்பேட்டையில் 15 அடி அகலம், 50 அடி நீளமுள்ள வீடு எங்களுடையது. இரண்டு பக்கமும் பொதுச் சுவர். 2024-இல் பிஎம் சூர்ய கர் மானியத் திட்டம் வந்ததும் மாடியில் 2 கிலோவாட் சோலார் போட்டோம். மானியம் 60,000 ரூபாய் கிடைத்தது. நல்ல வெயில் நாளில் எட்டு யூனிட் வரை வந்தது. கரண்ட் பில்லைப் பார்த்து என் அம்மா இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மறு வருடம் தெற்குப் பக்கத்து வீட்டார் ஒரு மாடி எழுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மகனுக்குக் கல்யாணம், வீட்டில் இடமில்லை. ஆனால் டிசம்பரில் சென்னையின் உச்சி வெயிலே தெற்கே சாய்ந்துதான் வரும். பத்தடிச் சுவரின் நிழல் நண்பகலில்கூட வடக்கே ஏழடிக்கு மேல் விழுகிறது. 15 அடி மாடியில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியில் இருக்கும் பேனலாவது வேலை செய்யும் என்று நினைத்தேன். எல்லாம் ஒரே வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் சோர்ந்துவிடுகிறது. தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் மொத்த ஓட்டமும் குறைவது மாதிரி. பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரை ஒவ்வொரு பேனலுக்கும் தனியாகச் சின்னதாக வைத்தால் நிழல் விழுந்தது மட்டும் குறையும், மற்றவை ஓடும். சோலார் போட வந்தவர்கள் யாரும் இதை எங்களுக்கு முன்பே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்த வழிகாட்டியும் அவர்களைக் கேட்கவில்லை.

அதனால்தான் இந்த மடல். கட்டடங்களின் மேல் சோலார் எங்கே, எப்படி அமைய வேண்டும் என்று வடசென்னை மாடிகளைக் கண்ணால் பார்த்து எழுதிய ஒரு வடிவமைப்பு வழிகாட்டி எங்களுக்கு வேண்டும். தமிழில், படங்களோடு, ஒரு கொத்தனாரும் வெல்டரும் கையில் வைத்துப் படிக்கிற மாதிரி. நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரைக்கானது. வட சென்னை வளர்ச்சித் திட்டமும் நடக்கிறது. இரண்டிலும் இதற்கு ஓர் இடம் இருக்க முடியும்.

நிழல் விஷயத்தை முதலில் வைக்கிறேன். தெற்கு பார்த்து வைத்தால் போதும், வடக்குப் பக்கத்து வீட்டால் தொந்தரவில்லை என்று பலர் சொல்கிறார்கள். சென்னை பூமத்திய ரேகையிலிருந்து 13 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நண்பகலில் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு வீட்டு டேங்கின் நிழலும் நம் மேல்தான் விழும். இன்னொரு பக்கம், இவ்வளவு தெற்கே இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. பேனலைக் கிழக்கும் மேற்குமாகச் சற்றே சாய்த்து வைத்தாலும் உற்பத்தியில் பெரிய இழப்பு வராது. ஒடுங்கிய மனைகளுக்கு இது பெரிய விஷயம். புதிதாக மாடி எழுப்புகிறவரின் வரைபடத்தில் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே பேனல் இருக்கிறதா என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். வீடு கட்டுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. டேங்கையும் படிக்கட்டு அறையையும் எந்த மூலையில் வைப்பது என்று கட்டும் முன்பே இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேச அது ஒரு காரணமாகும். 20 ஆண்டு தடையில்லாமல் ஒளி வந்த கட்டடத்துக்கு 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், அதாவது பக்கத்து இடத்தின் மேல் நமக்குள்ள அனுபவ உரிமைச் சட்டம், ஒரு பாதுகாப்பு தருகிறது. அது ஜன்னல்களை மனதில் வைத்து எழுதப்பட்ட காலம். நேற்று வைத்த பேனல் 20 ஆண்டு காத்திருக்க முடியாது.

அடுத்து, எங்கள் கூரைகள். ராயபுரத்திலும் ஜார்ஜ் டவுனிலும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. தேக்கு உத்திரத்தின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தளம். அதில் ஆங்கர் போல்ட்டுக்காகத் துளை போட்டால் அடுத்த மழைக்கு ஒழுகும். துளை வேண்டாம் என்று கான்கிரீட் கட்டைகளை ஏற்றினால் வயதான உத்திரத்துக்குப் பாரம். சுவரிலிருந்து சுவருக்கு இரும்பு உத்திரம் போட்டு, தளத்தைத் தொடாமல் அதன் மேல் பேனலை நிறுத்தலாம். அதற்கு ஒரு மாதிரி வரைபடம், பொறியாளர் கையெழுத்தோடு, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கட்டும். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தனித்தனியாகப் பொறியாளரைத் தேடிப் போக வசதியில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது எங்கள் தெருவில் தகரக் கூரைகள் பறந்ததைப் பார்த்தவன் நான். பேனலும் ஒரு பட்டம்தான், அடியில் காற்று புகுந்தால் தூக்கும். எங்கள் வீட்டில் போட்டவர்கள் பெயின்ட் அடித்த சாதாரண இரும்பு ஆங்கிளைப் பயன்படுத்தினார்கள். ஒரே வருடத்தில் வெல்டிங் இடங்களில் துரு பூத்தது. காசிமேட்டுக் கடல் காற்றுக்கு, உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்துப் பூச்சு ஏற்றிய இரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் வேண்டும். கடற்கரைக்கு அருகில் இது கட்டாயம் என்று எழுதுங்கள். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

மொட்டை மாடி எங்களுக்கு வெற்றிடமில்லை. மிளகாயும் கருவாடும் அங்கேதான் காய்கின்றன. பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதும், கோடையில் படுப்பதும், புறா வளர்ப்பவர்கள் கூண்டு வைப்பதும் அங்கேதான். 2 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 200 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தரையோடு ஒட்டிப் போட்டால் மாடி போய்விடும். எட்டடி உயரத்தில் போட்டால் கீழே நிழலும் கிடைக்கும், வேலையும் நடக்கும். ஆனால் உயர்த்திப் போட்டால் கூடுதல் தளம் என்று நோட்டீஸ் வருமோ என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். பக்கச் சுவர் எழுப்பாத வரை அது தளமாகாது என்று ஒரே வரியில் தெளிவாக்குங்கள்.

இன்னொன்று, தீ. இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் கம்பியில் மின்சாரம் இருக்கும். சுவர் ஒட்டிய வீடுகளில் தீயணைப்பு வீரர் பக்கத்து மாடி வழியாகத்தான் வர முடியும். கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்க வழி விட வேண்டும். கம்பி வரும் பாதையும் துண்டிக்கும் சுவிட்சும் தெரு வாசலில் அடையாளத்தோடு இருக்க வேண்டும். பேனல்களுக்கு நடுவே இரண்டடி விட்டால் தூசி துடைக்கவும் உதவும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும் பகுதிகளில் துடைக்காத பேனல் எவ்வளவு மங்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை அரசு வாரியக் குடியிருப்புகளில் இருப்பவர்களை மறந்துவிடாதீர்கள். அங்கே மாடி யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, அதனால் யாராலும் போட முடிவதில்லை. குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மாடியில் எந்தப் பகுதி பேனலுக்கு, எது துணிக்கொடிக்கு என்று முன்கூட்டியே கோடு போட்டுக் கொடுத்தால் சங்கம் அமைப்பவர்களுக்கு வேலை பாதியாகும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் இன்றும் நிலக்கரி எரிகிறது. நகரம் முழுவதற்கும் போன வெளிச்சத்தின் சாம்பல் இந்தப் பக்கத்து மக்களின் துணியிலும் நுரையீரலிலும் படிந்தது. எங்கள் மாடியில் நாங்களே கொஞ்சம் மின்சாரம் எடுக்க வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

டிசம்பரில் ஒரு நாள் மதியம் 12 மணிக்கு எங்கள் தெருவுக்கு வாருங்கள். அம்மா டீ போட்டுத் தருவார். நிழல் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் தளத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டைவாசி ஒருவன்