ரேங்க் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிசியோதெரபி முதுநிலைப் படிப்புகள் பற்றி உங்கள் உயர்கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பள்ளி எத்தனையாவது இடம், கட்டணம் எவ்வளவு, விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று எல்லாம் போட்டிருந்தீர்கள், நல்லதுதான். ஆனால் என்னிடம் வருகிற பிள்ளைகள் கேட்பது வேறு. விண்ணப்பமெல்லாம் போட்டு முடித்து, இரண்டு இடத்திலிருந்தும் சேர்க்கைக் கடிதம் வந்து, முன்பணம் கட்ட வேண்டிய கெடு நெருங்கும்போதுதான் "ரெண்டுல எதுல சேரட்டும்?" என்று வந்து நிற்கிறார்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பட்டியலில் பதில் இல்லை. நான் ஒரு பிசியோதெரபிஸ்ட், மருத்துவமனைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்வதும் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ரேங்க் விஷயம். அமெரிக்காவின் யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் பிசியோதெரபி பள்ளிகளின் தரவரிசையைத்தான் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அது எப்படிப் போடப்படுகிறது தெரியுமா? மற்ற பள்ளிகளின் தலைவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் படிவம் அனுப்பி, ஒவ்வொரு பள்ளிக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். அந்த மதிப்பெண்களின் சராசரிதான் ரேங்க். எத்தனை மாணவர்கள் தேறினார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், கடன் எவ்வளவு ஏறியது, எதுவும் அதில் கணக்கில்லை. முனைவர் பட்டம், ஆராய்ச்சி என்று போகப்போகிறவருக்கு அந்தப் பெயர் உதவும், நான் மறுக்கவில்லை. ஆனால் நோயாளியைப் பார்க்கும் வேலைக்குப் போகிறவருக்கு, பத்தாவது இடத்துக்கும் நாற்பதாவது இடத்துக்கும் உள்ள வித்தியாசம் முதல் வேலையின் இன்டர்வியூவோடு தீர்ந்துவிடும், பல சமயம் அங்கேயே யாரும் கேட்பதில்லை.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் இரண்டும் ஒரே ரகப் படிப்புதானா? வேறு துறையில் இளநிலை முடித்தவரை பிசியோதெரபிஸ்ட்டாக ஆக்கும் முதுநிலைப் படிப்பு ஒரு ரகம். ஏற்கெனவே பிசியோதெரபி படித்தவர் மேலும் ஆழமாகப் படிப்பது இன்னொரு ரகம். பட்டத்தின் பெயர் மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரிட்டனில் முதல் ரகத்தில் படித்து முடித்தால், பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கத் தேவையான பதிவுக்கு விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடும். வெளிநாட்டில் பிசியோதெரபி முடித்தவர் அங்கே போய் இரண்டாவது ரகத்தில் எம்எஸ்சி வாங்கினாலும், அந்த எம்எஸ்சியை வைத்து மட்டும் பதிவு கிடைக்காது, வெளிநாட்டில் படித்தவர்களுக்கான தனி வழியில்தான் போக வேண்டும். அமெரிக்காவிலும் டிபிடி (டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி) என்ற ஒரே பட்டத்துக்கு இரண்டு பாதை உண்டு. ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கான டிரான்சிஷனல் டிபிடி, உரிமத் தேர்வு எழுதும் தகுதியை யாருக்கும் தருவதில்லை. ஒரு வருடம், ஆன்லைன், கட்டணமும் குறைவு என்று பார்த்ததும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். வேலை பார்க்க நினைக்கும் நாட்டின் பதிவு வாரியம் அந்தப் படிப்பை எப்படிப் பார்க்கிறது என்று வாரியத்திடமே கேட்டுவிட்டுத்தான் மற்ற ஒப்பீட்டுக்கு வர வேண்டும்.

அங்கீகாரத்தையும் இதே கையோடு பார்த்துவிடலாம். புதிதாகத் தொடங்கிய பள்ளிகளுக்கு முழு அங்கீகாரம் உடனே வராது. அமெரிக்காவில் பிசியோதெரபி படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் காப்டி என்ற அமைப்பு, புதுப் பள்ளிக்கு முதலில் 'கேண்டிடேட்', அதாவது அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் பள்ளி என்ற நிலையைத்தான் தருகிறது. அது பின்னால் அங்கீகாரம் வரும் என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. பள்ளிக்காரர்கள் அதைச் சிரித்த முகத்தோடு சொல்வார்கள், தவறில்லை, ஆனால் அதன் ஆபத்து முழுக்க மாணவர் தலையில். மற்ற எல்லாம் சமம் என்றால் நான் முழு அங்கீகாரம் பெற்ற பள்ளியைத்தான் சொல்வேன்.

சரி, இரண்டும் ஒரே ரகம், இரண்டுக்கும் அங்கீகாரம் உண்டு. அப்புறம் எல்லோரும் பார்ப்பது தேர்ச்சி விகிதம். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். உரிமத் தேர்வில் முதல் முறையிலேயே தேறியவர்கள் ஒரு கணக்கு, மூன்றாவது நான்காவது முறையில் தேறியவர்களையும் சேர்த்தது வேறொரு கணக்கு. காப்டி எதிர்பார்ப்பது இரண்டாவது கணக்கில், இரண்டு வருடச் சராசரியாக, குறைந்தது 85 சதவீதம். அதனால் பள்ளியின் இணையப் பக்கத்தில் 97, 98 என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள். அதோடு சேர்த்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் கேளுங்கள். நூறு பேர் சேர்ந்து, எண்பது பேர் மட்டும் இறுதிவரை நின்று, அந்த எண்பது பேரும் தேறினால் அதுவும் நூறு சதவீதத் தேர்ச்சிதான்! நடுவில் போன இருபது பேர் கட்டிய கட்டணம் எந்த விளம்பரத்திலும் வராது.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம், மருத்துவமனைப் பயிற்சி. பிளேஸ்மென்ட் என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் குறைந்தது 30 வாரம் முழுநேரப் பயிற்சி, பிரிட்டனில் 1000 மணி நேரம் என்று அளவு வைத்திருக்கிறார்கள், ஆகவே காகிதத்தில் எல்லாப் பள்ளியும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அந்த மணி நேரம் எங்கே, யார் பக்கத்தில் கழிகிறது என்பதில் இருக்கிறது.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த ஒருவருக்கு முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாணவர் கோனியாமீட்டரை, அதாவது மூட்டு மடங்கும் கோணத்தை அளக்கும் கருவியை, சரியாகத்தான் வைக்கிறார். நடுப்புள்ளி முட்டியின் வெளிப்பக்க எலும்பு முனையில், கருவியின் ஒரு கை தொடை எலும்பின் மேல் மேட்டை நோக்கி, இன்னொரு கை வெளிக் கணுக்காலை நோக்கி. "மேடம், நூறு டிகிரி வருது" என்கிறார். புத்தகப்படி குறை இல்லை. ஆனால் நோயாளி வலி தாங்காமல் அந்தப் பக்க இடுப்பைப் படுக்கையிலிருந்து தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்திருக்கிறார். மாணவரின் கண் கருவியை விட்டு அகலவே இல்லை. நோயாளியின் முகத்தைப் பார், இடுப்பு எங்கே இருக்கிறது என்று பார், பிறகு எண்ணை எழுது என்று அந்த நொடியில் பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். இது வகுப்பறையில் வராது, வீடியோ பார்த்தும் வராது. ஒரு பயிற்சியாளருக்கு ஒன்றிரண்டு மாணவர்கள் என்றால் இப்படிச் சொல்ல நேரம் இருக்கும். ஆறேழு பேரை ஒருவரிடம் தள்ளிவிட்டால், மாணவர்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அப்படி வேடிக்கை பார்த்தே பயிற்சி நேரத்தை நிரப்பி வந்தவர்களுக்குச் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போட்ட பிறகுதான் நோயாளியை எழுப்ப வேண்டும் என்பதைக்கூடச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது, பட்டம் வாங்கப் போகிற நேரத்தில்.

ஆகவே இரண்டு பள்ளிக்கும் மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பயிற்சி இடத்தைப் பள்ளி ஏற்பாடு செய்து தருமா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? தீவிர சிகிச்சைப் பிரிவு, பக்கவாத நோயாளிகள், குழந்தைகள் என்று எல்லாப் பக்கமும் சுற்றி வர வாய்ப்பு உண்டா, அல்லது முதுகுவலிக் கிளினிக்கிலேயே முழுப் பயிற்சியும் முடிந்துவிடுமா? வேறு ஊருக்கு அனுப்பினால் தங்கும் செலவு யாருடையது? பயிற்சியில் ஒருவர் தடுமாறினால் என்ன செய்வார்கள்? இதற்கெல்லாம் வளவளவென்று சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதுவே ஒரு பதில்தான். எலும்பு மூட்டுக் கைமுறை சிகிச்சையில் நிபுணராகும் எண்ணத்தோடு முதுநிலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 1974ல் தொடங்கிய இஃபாம்ப்ட் என்ற, இந்தச் சிகிச்சை செய்யும் பிசியோதெரபிஸ்ட்டுகளின் சர்வதேசக் கூட்டமைப்பு, அப்படிப்பட்ட படிப்பில் வழிகாட்டியோடு நோயாளிகளைப் பார்க்கும் நேரம் குறைந்தது 150 மணி என்று கேட்கிறது. அந்த நேரம் இல்லாத படிப்பை 'அட்வான்ஸ்டு' என்று விற்றால் நம்பாதீர்கள்.

இப்போது இரண்டே வருடத்தில் முடித்துத் தருகிறோம் என்று சில ஹைபிரிட் படிப்புகளும் வந்துவிட்டன. பாடமெல்லாம் ஆன்லைனில், செய்முறைக்கு மட்டும் சில நாட்கள் நேரில் போக வேண்டும். மூன்று வருடப் படிப்போடு ஒப்பிட்டால் ஒரு வருடம் முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்கலாம், அது சின்ன விஷயமில்லை. குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கு, தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒத்துவரும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் புத்தகம் திறப்பேன் என்பவருக்கு ஒத்துவராது, அது அவரவருக்கே தெரியும். சேர்வதற்கு முன் நேரில் நடக்கும் செய்முறை நாட்கள் எத்தனை என்பதை மட்டும் மறக்காமல் எண்ணிப் பாருங்கள்.

பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய பெயர் உள்ள பள்ளியில் படித்தவருக்கும் மற்றவருக்கும் கிடைக்கும் உரிமம் ஒன்றுதான், ஒரே மருத்துவமனையில் இருவரும் சேர்ந்தால் தொடக்கச் சம்பளமும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் கடன் ஒன்றல்ல. இந்தத் தொழிலில் சம்பளம் திடீரென்று எகிறுவதில்லை, மெதுவாகத்தான் ஏறும். அதனால் பயிற்சி இரண்டிலும் நன்றாக இருந்தால், கட்டணம் குறைவான இடத்தை யோசிக்காமல் எடுங்கள் என்பதுதான் என் கட்சி. தரவரிசைக்காக அதிகக் கடன் வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், எத்தனை பேர் என்னோடு சண்டை போட்டாலும் சரி.

கடைசி வருடத்தில் படிக்கும் மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசுங்கள், பள்ளியே பொறுக்கித் தருகிறவர்களைத் தவிர்த்து. ஆசிரியர்கள் கேள்விக்குப் பதில் அனுப்புகிறார்களா, பிளேஸ்மென்ட் கடைசி நிமிடத்தில் ரத்தானால் யார் பொறுப்பேற்கிறார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. அடுத்த முறை இந்தப் பட்டியலைப் போடும்போது ரேங்க் இருக்கும் கட்டத்தைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு, சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, முதல் முறையில் தேறியவர்கள் எத்தனை, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள் என்று நான்கு கட்டங்கள் சேருங்கள். பள்ளிகளுக்கு எழுதிக் கேளுங்கள். பதில் தராத பள்ளிகளின் கட்டத்தில் 'பதில் இல்லை' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மாணவர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு பிசியோதெரபிஸ்ட்